கேம் திடீரெனத் திணறுகிறதா? கார்டு வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

முந்தாநாள் வரை விநாடிக்கு 120 ஃபிரேம் காட்டிய விளையாட்டு, இன்று 35க்கு மேல் ஏற மறுக்கிறது. எதிரி திரும்புவதற்குள் படம் உறைந்துபோகிறது. படம் நகரத் தொடங்கும்போது ஆட்டம் முடிந்திருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. “ராத்திரி பகலா விளையாடியே கெடுத்துட்டான்” என்கிறார் அப்பா. “கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுப்பா, புதுசு வாங்கணும்” என்கிறான் மகன். பெரும்பாலான நேரங்களில் இருவர் சொல்வதும் சரியில்லை.

தோட்டத்து வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஒருவருடைய ஒரு மாத உழைப்பில் பாதிக்கு மேல், தேவையே இல்லாத ஒரு பாகத்துக்குப் போய்விடலாம். விளையாடும் அதே கணினியில்தான் அக்காள் பல்கலைக்கழக ஒப்படைப்பைச் செய்கிறாள், அண்ணன் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறான். அதனால் எங்கே கோளாறு என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பது வீட்டுக்கே நன்மை.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டோ புரோசசரோ வயதாகி நடை தளர்வதில்லை. அவை ஓடும், இல்லையேல் கோளாறு காட்டி நின்றுவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் வேகம் பாதியானால், அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது: மின்சாரம், வயர், சூடு அல்லது மென்பொருள். எழுத்து வேலைக்கும் யூடியூப்புக்கும் கணினியின் முழு பலமும் வேண்டியதில்லை. விளையாட்டுதான் அதை முழுமூச்சில் ஓட வைக்கிறது. ஆகவே எந்தக் குறை இருந்தாலும் முதலில் விளையாட்டில்தான் தெரியும். பிள்ளை வந்து புகார் சொன்னால், கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்பது நல்லது.

இணையமா, கணினியா?

‘லேக்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். படம் சீராக ஓடுகிறது, ஆனால் ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறார்கள், சுட்ட குண்டு தாமதமாகப் படுகிறது என்றால் அது இணையக் கோளாறு. காட்சியே வெட்டி வெட்டி நகர்கிறது, சுட்டியை அசைத்தாலும் படம் பின்தங்குகிறது என்றால் அது கணினியின் கோளாறு.

பிரித்தறிய எளிய சோதனை உண்டு. இணையம் தேவைப்படாத ஒரு விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். அதிலும் திணறினால் கணினியைக் கவனிக்க வேண்டும். அது சீராக ஓடினால் மோடத்தைக் கவனிக்க வேண்டும். ஃபைபர் எட்டாத லயங்களில் சிம் கார்டு போட்ட மோடத்தை நம்பியிருப்போர் பலர். அலைபேசிக் கோபுரம் ஒன்றுதான், மாலை ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் அதே கோபுரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரவு மட்டும் மோசமாகி, காலையில் சரியாகும் தாமதத்துக்கு ஆயிரம் வெள்ளி கார்டு மருந்தாகாது.

கணினிதான் என்று தெரிந்தபின், அது எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு அடிக்கடி பொருந்தக்கூடிய ஒரு பதில் உண்டு.

இடி மின்னலுக்கு அடுத்த நாள்

ரந்தாவ் பக்கம் லின்சம், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பகாவ் பக்கம் ஜெராம் பாடாங் என எந்தத் தோட்டமானாலும், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் இருட்டிக்கொண்டு வரும். முதல் இடி கேட்டதும் அம்மா சொல்லும் சொல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “எல்லா பிளக்கையும் புடுங்கு!” அது நல்ல பழக்கம், விடக்கூடாது. ஆனால் பிடுங்கியதைத் திரும்ப மாட்டும்போதுதான் வேகம் தொலைகிறது. நான்கு வழிகளில் அது நடக்கலாம்.

முதலாவது, திரையின் வயர். மேசைக் கணினியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளை இரண்டு இடங்களில் இருக்கும். மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் துளை. கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டின் துளைகள். அவசரத்தில் மேல் துளையில் மாட்டிவிட்டால், சில கணினிகளில் திரையே வராது, தவறு உடனே தெரிந்துவிடும். புரோசசருக்குள்ளேயே சிறிய கிராஃபிக்ஸ் இருக்கும் கணினியில்தான் ஏமாந்துபோவோம். படம் வரும், இணையம் ஓடும், எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் கேமைத் திறந்தால் வாங்கிய கார்டு சும்மா இருக்க, அந்தச் சிறிய கிராஃபிக்ஸ் தனியாக மூச்சுவாங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கேம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். இரண்டு ஜிபியு இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பெரிய கார்டு சைபரை ஒட்டிக் கிடந்து, சிறியது 100 விழுக்காட்டில் நின்றால் வயரைக் கீழே மாற்றி மாட்டுங்கள். செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, திரையின் புதுப்பிப்பு வேகம். 144 ஹெர்ட்ஸ் திரை, வயரை வேறு துளைக்கு மாற்றியதும் 60க்கு இறங்கிவிடுவது உண்டு. ஃபிரேம் எண்ணிக்கை பழையபடி இருந்தும் கண்ணுக்குப் படம் இழுக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் எண்ணைத் திருப்பி வைக்கலாம்.

மூன்றாவது, மடிக்கணினியின் சார்ஜர். மின்தடை நேரத்தில் சார்ஜர்கள் கைமாறிவிடும். விளையாட்டுக்கான மடிக்கணினியின் சார்ஜர் பெரும்பாலும் 150 வாட்டுக்கு மேற்பட்டது. அலுவலக மடிக்கணினியின் சார்ஜர் 65 வாட் போல இருக்கும். அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடும்: 20 வோல்ட், 9 ஆம்பியர் என்றால் 180 வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். பசிக்கு ஏற்ற சோறு கிடைக்காவிட்டால் கணினி தானே நடையைக் குறைத்துக்கொள்ளும். சில மடிக்கணினிகள் தம்முடைய சொந்தச் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால், வாட் போதுமானதாக இருந்தாலும் வேகத்தை வெகுவாக இறக்கிவிடும். சார்ஜரின் முனை வளைந்தாலும் இதே கதைதான். டாஸ்க் மேனேஜரில் புரோசசரின் வேகம் 3, 4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, 0.8க்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் சார்ஜரைப் பாருங்கள். வோல்ட் மாறுபட்ட சார்ஜரை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது வேகத்தோடு நிற்காது, கணினியையே எரித்துவிடும்.

நான்காவதுதான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பத்துக் காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கணினியின் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் காத்து வைத்திருக்கிறது. பிளக் மாட்டியிருக்கும்வரை சுவர் மின்சாரம் அதற்குத் துணைநிற்கும். பிளக்கைப் பிடுங்கியபின் முழுச் சுமையும் பேட்டரியின் மேல். ஆகவே அடிக்கடி பிளக் பிடுங்கும் வீட்டில் அது சீக்கிரம் தீரும். தீர்ந்த பேட்டரியோடு ஒரு பிற்பகல் பிளக்கைப் பிடுங்கினால், கணினி தன் அமைப்புகளை எல்லாம் மறந்துவிட்டு ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும்.

அப்போது முதலில் அடிபடுவது ரேம் நினைவகம். 3200 வேகம் என்று விற்கப்படும் டிடிஆர்4 ரேம், பயாஸில் ‘எக்ஸ்எம்பி’ என்ற அமைப்பை இயக்கினால்தான் பெரும்பாலும் அந்த வேகத்தில் ஓடும். மறந்துபோன கணினியில் அது 2133 அல்லது 2666 என்று இறங்கிவிடும். ரேம் வேகத்தை நம்பியிருக்கும் விளையாட்டுகளில், அதிலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில், அடி பலமாகவே விழும். அடையாளங்கள்: கணினியைப் போட்டதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் காட்டுவது, இணையம் வந்ததும் அது தானே சரியாவது, தொடங்கும்போது எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையில் செய்தி வருவது. டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பகுதியில் ‘ஸ்பீட்’ என்று இருக்கும் எண்ணை, ரேமின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பேட்டரி சில வெள்ளிக்குக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினிப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, பழையது எப்படி உட்கார்ந்திருந்ததோ அதே முகமாகப் புதியதை வையுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியைத் திரும்ப இயக்குங்கள். ஏஎம்டி கணினிகளில் அதன் பெயர் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று இருக்கலாம்.

சூடு, செம்மண், சாம்பிராணி

மழையும் இல்லை, வயரும் சரி. தொடங்கிப் பத்து நிமிடம் கேம் பறக்கிறது, பிறகுதான் படுத்துக்கொள்கிறது என்றால் அது சூடு. புரோசசர்களுக்கு வெப்ப எல்லை உண்டு. வகையைப் பொறுத்து பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை. அதைத் தொட்டதும், கருகிப்போகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டும் அப்படியே. கார்டின் வெப்பத்தை டாஸ்க் மேனேஜரே காட்டும். புரோசசருக்கு எச்டபிள்யு இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் வேண்டும்.

தகரக் கூரையின் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு அறை எவ்வளவு கொதிக்கும் என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறை ஐந்து டிகிரி ஏறினால் கணினியின் உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். ஆகவே காலையில் நன்றாகவும் பிற்பகலில் மோசமாகவும் ஓடும் கணினி, கெட்டுப்போனதல்ல, புழுக்கத்தில் தவிப்பது.

அதோடு தூசு சேர்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி செம்மண் சாலையில் போகும்போது எழும் தூசு சன்னல் வழியாக வந்து கணினியின் விசிறிக்குள் போகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும், தினசரி ஊதுபத்தியும், கொசுவர்த்தியும், தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் அந்தத் தூசைப் பசையாக்குகின்றன. விசிறிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடைவெளி மெத்தை போல அடைத்துக்கொள்கிறது. விசிறி கத்தும், காற்று மட்டும் வெளியே வராது. சாமி மேடைக்கு நேர் கீழே கணினி வைத்திருக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். புகை நிற்க வேண்டியதில்லை, கணினி எதிர்ச்சுவருக்கு நகர்ந்தால் போதும்.

துடைக்கும் முறையிலும் கவனம் தேவை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், காற்றடிக்கும் டப்பாவாலோ மென்மையான தூரிகையாலோ தூசை வெளியேற்றுங்கள். விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள், வேகமாகச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். வீட்டைச் சுத்தம் செய்யும் வெக்கூம் வேண்டாம், அது நிலைமின்னை உண்டாக்கும். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள். காற்றை இழுக்கும் துளைகள் அதன் அடியில்தான் இருக்கின்றன. சுத்தம் செய்த பின்னும் வெப்பம் இறங்காவிட்டால், புரோசசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது கடைக்காரருக்குச் சிறிய வேலை.

உலகமே ஒரே நாளில் மெதுவானபோது

வயரும் சூடும் சரி என்றால் மென்பொருளைப் பாருங்கள். இங்கே தனி ஆளின் கணினி மட்டுமல்ல, உலகெங்கும் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான கணினிகள் தளர்ந்த வரலாறு உண்டு.

2021 அக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வெளிவந்தது. அதை ஏற்றிய ஏஎம்டி ரைசன் கணினிகளில் விளையாட்டு மந்தமானது. புரோசசருக்குள் இருக்கும் எல்3 என்ற விரைவு நினைவகத்தை எட்டும் நேரம் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. சில போட்டி விளையாட்டுகளில் 10 முதல் 15 விழுக்காடு வரை வேகம் குறையலாம் என்று ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்டோபர் 12இல் வந்த முதல் புதுப்பிப்புக்குப் பின் நிலைமை மேலும் மோசமானதாகச் சோதனைகள் காட்டின. மைக்ரோசாஃப்ட்டின் திருத்தம் அக்டோபர் 21இல் வந்தது. அந்தப் பதினாறு நாளில் அவசரப்பட்டு புதுப் பாகம் வாங்கியவருக்கு நட்டம், பொறுத்திருந்தவருக்கு இலவசமாகவே குணமானது.

2023 செப்டம்பர் 27இல் வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் விளையாட்டை எடுத்துவிட்டு, கவுன்டர் ஸ்ட்ரைக் 2ஐ அதே இடத்தில் புதுப்பிப்பாக வைத்தது. புதிய விளையாட்டுக்கு அதிக பலம் வேண்டியிருந்தது. பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் ஃபிரேம் பாதாளத்துக்குப் போனது. கணினி கெடவில்லை, விளையாட்டு கனமாகிவிட்டது. அந்நிலையில் காட்சித் தரத்தைக் குறைப்பதே முதல் வழி.

2024 டிசம்பரில் இன்னொன்று. என்விடியாவின் புதிய செயலியைப் போட்டவர்களுக்குச் சில விளையாட்டுகளில் 15 விழுக்காடு வரை வேகம் இறங்கியது. காரணம், விளையாட்டின் மேல் வண்ண வடிகட்டி போடும் ஒரு வசதி. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் வேகம் திரும்பியது.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வழிமுறை இதுதான். விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்து, கோளாறு தொடங்கிய நாளையும் அங்குள்ள தேதிகளையும் ஒப்பிடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் அன்று மாறியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். டிரைவர் மாறிய உடனே முதல் சில ஆட்டங்களில் மட்டும் விக்கல் வந்தால் பயப்பட வேண்டாம். கேம் தன் காட்சிக் கோப்புகளைத் திரும்பத் தயாரித்துக்கொள்கிறது, தானே அடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியபின் ஒரு முறை சோதியுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த முறையும் ஐந்தையும் செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். சில கணினிகளில் அது உண்மை, மைக்ரோசாஃப்ட்டே 2022இல் அதை ஒரு வழியாகக் குறிப்பிட்டது. விளையாடி முடித்ததும் திரும்ப இயக்கவும் சொன்னது. வங்கிக் கணக்கு பார்க்கும் குடும்பக் கணினியில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உங்கள் மின்சாரத்தில் யாரோ சம்பாதிக்கிறார்களா?

யாரும் எதுவும் செய்யாமலேயே கணினியின் விசிறி இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்குகிறது என்றால் சந்தேகிக்க வேண்டும். மின்காசு தோண்டும் திருட்டு மென்பொருள்களில் சில, தம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒளிந்துகொள்ளும். 2024 டிசம்பர் 31இல் தொடங்கிய அப்படியொரு தாக்குதலைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. பீம்என்ஜி டிரைவ், கேரிஸ் மாட் போன்ற விளையாட்டுகளின் திருட்டுப் பிரதிகளுக்குள் மின்காசு தோண்டி வைக்கப்பட்டிருந்தது. இலவசமாகக் கிடைத்த கேமுக்கு மின்கட்டணமாகவும் வேகமாகவும் விலை போகிறது. அந்தப் பிரதியை நீக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ மூலம் சோதனை செய்யுங்கள். சந்தேகம் தீரும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

கடைக்குப் போக வேண்டிய நேரம்

திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவது, கனமான காட்சி வந்ததும் கணினியே அணைந்துவிடுவது, கருகல் வாடை வருவது ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளை பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

கடைக்காரரிடம் “ஸ்லோவா இருக்கு” என்று மட்டும் சொன்னால், என்ன மாற்றுவது என்பது அவர் முடிவாகிவிடும். எந்த நாளிலிருந்து, எந்த விளையாட்டில், எத்தனை ஃபிரேமிலிருந்து எத்தனைக்கு இறங்கியது, வெப்பம் எவ்வளவு, எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். புதுப் பாகம் வேண்டும் என்றால், கடையிலுள்ள ஒரு பாகத்தைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றியபின் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பம் சரி, ரேம் வேகம் சரி, கார்டு 99 விழுக்காடு உழைக்கிறது, பழைய விளையாட்டுகள் நன்றாக ஓடுகின்றன, புதிய விளையாட்டு மட்டும் தள்ளாடுகிறது என்றால் அப்போது கார்டு உண்மையிலேயே சிறியதாகிவிட்டது. அந்த முடிவுக்கு எண்களோடு வரும் மகனிடம் அப்பாவும் நியாயமாகப் பேசலாம்.

கணினி நன்றாக ஓடும் ஒரு நாளில், இந்த வாரக் கடைசியிலேயே, இதைச் செய்து வையுங்கள். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: வழக்கமாக விளையாடும் கேமின் ஃபிரேம், அரை மணி நேரம் ஆடியபின் வெப்பம், ரேம் வேகம், சார்ஜரின் வாட். அந்தத் தாளைக் கணினிப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். திரை வயரின் முனையிலும் அது போக வேண்டிய துளையின் பக்கத்திலும் ஒரே நிறப் பசைநாடா ஒட்டுங்கள். அடுத்த இடி முழக்கத்தில் பிளக்கைப் பிடுங்குவது யாராக இருந்தாலும், சரியான துளையில் திரும்ப மாட்ட முடியும்.